குடக் கணக்கு

சென்னையில் தண்ணீருக்கு லிட்டர் கணக்கு என்பதெல்லாம் அரசாங்க அறிக்கையோடு சரி. வீட்டில், தெருவில், தெருச் சண்டையில் எல்லாம் குடக் கணக்குதான். "நாலு கொடம்தான் புடிச்சேன், அதுக்குள்ள நின்னு போச்சு" என்றுதான் சொல்வார்களே தவிர, "அறுபது லிட்டர் பிடித்தேன்" என்று சொன்ன ஒருவரை நான் இதுவரை பார்த்ததில்லை. பச்சை, நீலம், சிவப்பு என்று எந்தக் கலர் பிளாஸ்டிக் குடமானாலும் சுமார் 15 லிட்டர். இந்த ஊரில் எல்லோரும் ஒப்புக்கொண்ட ஒரே அளவு அதுதான்.

என் அம்மாவுக்கு இந்தக் கணக்கு அத்துப்படி. 2003, 2004-ல் ஏரிகள் வற்றி, குழாயைத் திறந்தால் காற்று மட்டும் வந்ததே, அந்த இரண்டு வருஷமும் லாரித் தண்ணீர் பிடித்துக் குடும்பம் நடத்தியவள். குடிக்க ஒன்று, சமையலுக்கு இரண்டு, பாத்திரத்துக்கு ஒன்றரை, ஆளுக்கு ஒரு குடம் குளிக்க என்று இன்றைக்கும் மூச்சு விடாமல் ஒப்பிப்பாள். 2004-ல் வீராணம் தண்ணீர் சென்னைக்கு வந்தது. அப்புறம் குழாய், மோட்டார், மாடியில் கறுப்பு டேங்க். குடங்கள் பரணுக்குப் போய்விட்டன.

"இடுப்புலேர்ந்து கொடம் எறங்கிச்சு. கூடவே கணக்கும் எறங்கிடுச்சுடா" என்பாள் அம்மா.

எனக்கு இந்த வாக்கியம் ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது. பி.காம். படித்தவனிடம் கணக்கு இறங்கிவிட்டது என்று சொன்னால் எப்படி சும்மா இருப்பது?

எங்கள் ஃபிளாட் வேளச்சேரியில். இந்த இடத்தின் விசேஷம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2015 டிசம்பரில் எங்கள் தெருவில் படகு வந்தது. 2019 ஜூனில் அதே தெருவில் தண்ணீர் லாரி வந்தது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்கும் கையை விரித்துவிட்ட வருஷம் அது. ஜூலை 12-ம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து வில்லிவாக்கத்துக்கு 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள். (குடக் கணக்கில் சுமார் 1,66,000. அம்மாவுக்காகப் போட்டுப் பார்த்தேன்.) நாங்கள் 12 வீட்டுக்காரர்களும் சேர்ந்து லாரி ஒன்றுக்கு 4,000 ரூபாய் அழுதோம். யார் வீட்டுக்கு எவ்வளவு பங்கு என்பதில் பெரிய தகராறு வந்து, கடைசியில் ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் ஒரு மீட்டர் மாட்டினார்கள். தகராறு தீர்ந்தது. அதற்குப் பிறகு மீட்டரை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான் பார்த்தேன். ஒரு வாரம், காலை 6 மணிக்கு ஒரு தடவை, மறுநாள் காலை 6 மணிக்கு ஒரு தடவை. சராசரியாக ஒரு நாளைக்கு 630 லிட்டர். அதாவது 42 குடம். வீட்டில் இருப்பது நான், மனைவி, அம்மா, மூன்றாவது படிக்கும் மகள். நாலே பேர்.

நகரத்தில் ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் தேவை என்று அரசாங்கமே ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ஆளுக்கு 9 குடம், நாலு பேருக்கு 36. நாங்கள் அதைத் தாண்டி ஆறு குடம் ஓவர்டிராஃப்ட். இரண்டாவது மாடி வீடு. 42 குடத்தையும் இடுப்பில் வைத்துப் படியேற வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழாவது குடத்தில் தண்ணீர்ச் சிக்கனம் தானாக வந்துவிடும்.

அடுத்து, செலவுப் பக்கம். ஒரு நீள நோட்டு வாங்கினேன். மனைவி அதைப் பார்த்த பார்வையை இங்கே எழுதுவதற்கில்லை.

பாத்திரம் தேய்க்கும்போது குழாய்க்குக் கீழே பக்கெட் வைத்தேன். வாஷிங்மெஷினின் கழிவுக் குழாயைப் பக்கெட்டில் விட்டு எண்ணினேன். மேலே திறக்கிற ரகம், ஒரு தடவை ஓடினால் 100 லிட்டர், கிட்டத்தட்ட ஏழு குடம். நாங்கள் மூன்று பேர் பக்கெட்டில் குளிக்கிறோம், ஆளுக்கு இரண்டு பக்கெட். மகள் மட்டும் ஷவர். அவள் குளியலுக்கு நிமிஷக் கணக்கு கிடையாது, பாட்டுக் கணக்கு. உள்ளே போனால் இரண்டு முழுப் பாட்டு பாடிவிட்டுத்தான் வருவாள். ஷவருக்கு அடியில் பக்கெட்டை வைத்துப் பார்த்ததில் நிமிஷத்துக்கு 10 லிட்டர் வருகிறது. எட்டு நிமிஷம், இரண்டு பாட்டு, 80 லிட்டர். பாட்டு ஒன்றுக்கு இரண்டரைக் குடத்துக்கு மேல்! பாடகர்களுக்குக்கூட இவ்வளவு மரியாதை கிடைக்காது.

குளியல் 11 குடம், ஃபிளஷ் 9, துணி 7, சமையலும் பாத்திரமும் 5, குடிநீர் சுத்தம் செய்யும் ஆர்.ஓ. மெஷின் 2, வீடு துடைக்க 1, செடிகளுக்கு 2. கூட்டினால் 37.

மீட்டர் சொல்வது 42.

ஐந்து குடம் எங்கே?

கணக்கு படித்தவர்களுக்குத் தெரியும். ஐந்தொகை போடும்போது இரண்டு பக்கமும் இடித்தால், வித்தியாசத்தை 'சஸ்பென்ஸ் அக்கவுண்ட்' என்று ஒரு தலைப்பில் போட்டுவைத்துவிட்டு, ராத்திரி தூக்கம் கெட்டுத் தேட வேண்டும். நானும் அதையே செய்தேன். ராத்திரி 11 மணிக்கு மீட்டரைக் குறித்துக்கொண்டேன். காலை 5 மணிவரை யாரும் எழுந்து குழாயைத் தொடக்கூடாது என்று வீட்டுக்குள் 144 போட்டேன். அம்மா மட்டும், "பாத்ரூம் போறதுக்குக்கூட பர்மிஷனா? நல்லா வளர்த்தேன்டா உன்னை" என்றாள். ஆனாலும் ஒத்துழைத்தாள்.

காலை 5 மணிக்குப் பார்த்தால், மீட்டர் 18 லிட்டர் ஓடியிருக்கிறது! எல்லோரும் தூங்குகிறோம், எல்லாக் குழாயும் மூடியிருக்கிறது, ஒரு சொட்டுச் சத்தம் இல்லை. மணிக்கு மூன்று லிட்டர் வீதம், ஒரு நாளைக்கு 72 லிட்டர் யாரோ குடிக்கிறார்கள். ஏறக்குறைய ஐந்து குடம்.

திருடனைப் பிடித்தது சொட்டு நீலம். வெள்ளை வேட்டிக்குப் போடுகிறோமே, அதே நீலம்தான். ஃபிளஷ் டேங்கின் மூடியைத் திறந்து நாலு சொட்டு விட்டேன். ஃபிளஷ் செய்யவில்லை. அரை மணி கழித்துப் பார்த்தால் கீழே கோப்பையில் இளநீல ஆகாயம். டேங்குக்கு அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்து, சுவரோடு சுவராக, சத்தமே இல்லாமல் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. சொட்டுகிற குழாயாவது டொக் டொக் என்று மனசாட்சியை எழுப்பும். இது அதுகூட இல்லாத ஊமைத் திருடன். உங்கள் வீட்டிலும் இன்றைக்கே நாலு சொட்டு விட்டுப் பாருங்கள். நீலம் இல்லாவிட்டால் மஞ்சள்தூளைக் கரைத்து விடலாம்.

பிளம்பர் வந்தார். வந்ததும், "செட்டையே மாத்திடலாம் சார்" என்றார். பிளம்பர்கள் எல்லோருக்கும் இது முதல் வாக்கியம். அம்மா, "வாஷர் தேஞ்சா வாஷரைத்தானேப்பா மாத்தணும்?" என்று கேட்டாள். நூறு ரூபாய்க்குள் முடிந்தது.

அதோடு ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் ஒன்றில் தண்ணீரை நிரப்பி, இறுக மூடி, ஃபிளஷ் டேங்குக்குள் நிற்க வைத்துவிட்டேன். டேங்கில் அந்த இடத்தைப் பாட்டில் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு தடவையும் ஒரு லிட்டர் மிச்சம், ஒரு நாளைக்கு ஒரு குடம் மிச்சம். செங்கல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். அது கரைந்து கரைந்து, அப்புறம் பிளம்பரின் முதல் வாக்கியம் நிஜமாகிவிடும். புதிதாக வாங்குகிறவர்கள் இரண்டு பட்டன் வைத்த டேங்காக வாங்கினால் இந்தப் பாட்டில் வைத்தியமே வேண்டாம்.

மகளோடு பேச்சுவார்த்தை நடந்தது. ஒரு பாட்டு என்று முடிவாயிற்று. (அவள் உடனே நீளமான பாட்டாகத் தேட ஆரம்பித்தது வேறு விஷயம்.) துணியை ஒன்றுவிட்டு ஒரு நாள், மெஷின் நிறையப் போட்டுத் துவைப்பது என்று மனைவி முடிவெடுத்தாள். சமையலறைக் குழாயின் முனையில் சல்லடை மாதிரி ஒரு சின்ன மூடி வாங்கித் திருகினோம். தண்ணீர் பூப்போல விழுகிறது, கை நனைகிறது, செலவு குறைகிறது.

ஆர்.ஓ. மெஷின் விவகாரம்தான் எனக்கு ஆறவே இல்லை. எங்கள் வீட்டு மெஷின் ஒரு லிட்டர் நல்ல தண்ணீர் கொடுக்க, இரண்டரை லிட்டரைப் பின்பக்கமாகத் துப்புகிறது. வட்டிக்கடையில்கூட இந்த விகிதம் கிடையாது. அந்தக் குழாயைத் தொட்டியிலிருந்து எடுத்து ஒரு குடத்தில் விட்டோம். வீடு துடைக்க, பாத்ரூம் கழுவ அதுவே போதுமானதாக இருக்கிறது. செடிக்கு மட்டும் வேண்டாம். உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்திருக்கும். நாலு நாள் ஊற்றியதில் செம்பருத்தி இலைகளின் நுனி கருக ஆரம்பித்ததை அம்மா கண்டுபிடித்து நிறுத்தினாள்.

செடி என்றதும் அம்மாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும்.

அம்மா பிறந்தது கும்பகோணம் பக்கம் ஒரு கிராமத்தில். அங்கே வீட்டுக் கொல்லையில் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் வாழை, குளிக்கிற இடத்துத் தண்ணீர் ஓடும் வாய்க்காலில் கல்வாழை, சேம்பு. குளித்த தண்ணீருக்கு வேலை இல்லாமல் அனுப்புகிற வழக்கமே அங்கே கிடையாது. கல்வாழை அழுக்கு நீரைக் குடித்துக்கொண்டு சிவப்பாகப் பூ பூக்கும். "அதுக்குன்னு யாரும் தண்ணி ஊத்தி நான் பார்த்ததே இல்லை" என்பாள். இப்போது இதையே பெரிய பெரிய படிப்பு படித்தவர்கள் வரைபடம் போட்டு விளக்குகிறார்கள்.

எங்கள் ஃபிளாட்டில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி மூன்றடி அகலத்துக்கு மண் மிஞ்சியிருக்கிறது. அதுதான் அம்மாவின் கொல்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, ஒரு மல்லிகைப் பந்தல், நாலு செம்பருத்தி. மொட்டை மாடியில் தொட்டிகளில் கத்தரி, தக்காளி, துளசி. முன்னாலெல்லாம் வாட்ச்மேன் ஹோஸ் குழாயைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். செடி, சுவர், தெரு எல்லாம் நனையும். அம்மா ஹோஸைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு, அரிசி களைந்த தண்ணீர், காய் கழுவிய தண்ணீர் இரண்டையும் ஒரு வாளியில் சேர்க்க ஆரம்பித்தாள். நாலு பேர் சமையலில் ஒரு குடத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தேறுகிறது. மே மாதம் ஏ.சி. மெஷின் சொட்டுகிற தண்ணீரைப் பக்கெட்டில் பிடித்தால் ஒரு ராத்திரிக்கு அரை பக்கெட். உப்பே இல்லாத தண்ணீர். துளசிக்கு அதுதான் ஸ்பெஷல்.

ஊற்றுவதிலும் அவளுக்கு ஒரு முறை இருக்கிறது. வெயில் ஏறுவதற்கு முன்னால் ஊற்ற வேண்டும். ஊற்றுவதற்கு முன்னால் விரலை மண்ணுக்குள் ஒரு கணு விட்டுப் பார்க்க வேண்டும். ஈரம் இருந்தால் அந்தச் செடிக்கு அன்றைக்கு லீவு. "மேல் மண்ணு காஞ்சிருக்குன்னு ஊத்திக்கிட்டே இருந்தா வேர் மேலயே நின்னுடும்டா. கொஞ்சம் தேட விடணும்" என்பாள். (பிள்ளை வளர்ப்பிலும் இதே கொள்கைதான், நான் சாட்சி.) வேரடியில் தேங்காய் நாரும் காய்ந்த சருகும் நாலு விரல்கடை உயரத்துக்குப் பரப்பிவிடுவாள். வெயில் மண்ணைத் தொடாது. சருகு போட்ட தொட்டியில் இரண்டு நாள் ஈரம் நிற்கிறது. போடாத தொட்டி சாயங்காலமே வாயைப் பிளக்கிறது. வாட்ச்மேன் அந்தச் சருகை இரண்டு தடவை குப்பை என்று பெருக்கி எரித்துவிட்டார். மூன்றாவது தடவை அம்மா அவரை உட்கார வைத்து விரலை மண்ணுக்குள் விடச் சொன்னாள். இப்போது பக்கத்துக் கட்டடத்துச் சருகையும் அவரே கொண்டுவந்து போடுகிறார்.

முருங்கைக்கும் மல்லிகைக்கும் நடுவே ஒரு மண்பானை புதைத்திருக்கிறது. மெருகு ஏற்றாத சாதாரணப் பானை. கழுத்துவரை புதைத்துத் தண்ணீர் நிரப்பிவிட்டால், சுற்றியுள்ள மண் காயக் காயப் பானை கசிந்து கொடுக்கும். மண் ஈரமாக இருந்தால் அதுவும் சும்மா இருக்கும். மோட்டார் இல்லை, ஸ்விட்ச் இல்லை, பிளம்பர் இல்லை! பானையை மட்டும் தட்டு போட்டு மூடிவைக்க வேண்டும். டெங்கு கொசுவுக்கு நல்ல தண்ணீர் என்றால் உயிர்.

இப்படியெல்லாம் சேர்ந்து ஒரு மாதத்தில் 42 குடம் 26 ஆயிற்று. நோட்டில் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு முடித்தேன். எங்கள் வீட்டில் வேலை செய்கிற அம்மாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "என்னா சார் அது, தெனமும் எய்துறீங்க?" என்று கேட்டார்கள். அம்மா பெருமையாக, "தண்ணிக் கணக்கு. நாப்பத்திரண்டு கொடம் ஆச்சு, இருபத்தாறுக்குக் கொண்டாந்துட்டோம்" என்றாள்.

"மாசத்துக்காம்மா?"

"ஒரு நாளைக்கு."

அந்த அம்மாள் கையில் இருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். கிண்டல் சிரிப்பு இல்லை. நிஜமாகவே சிரிப்பு வந்திருக்கிறது. அவர்கள் பகுதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் லாரி. வீட்டில் நாலு பேர், எங்களைப் போலவே. லாரி வந்தால் 15 குடம், அதுவும் வரிசையில் முன்னால் நின்றால். ஒரு நாளைக்கு ஏழரை. அதில்தான் குளியல், துணி, சமையல், எல்லாம். லாரி லேட்டானால் இவர்கள் வேலைக்கு லேட். நாலு வீட்டில் வேலை செய்கிறார்கள். லேட் என்றால் ஒரு வீட்டில் முணுமுணுப்பு, இன்னொரு வீட்டில் சம்பளத்தில் பிடித்தம். எங்கள் சமையலறையில் சோப்பு போடும்போதெல்லாம் குழாயை மூடிவிட்டுத் தேய்ப்பார்கள். யாரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் இல்லை.

அன்றைக்கு நோட்டில் அதற்குமேல் எழுதத் தோன்றவில்லை.

செலவுப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தால் எப்படி? வரவுப் பக்கம் என்று ஒன்று இருக்கிறதே! அதற்கு அசோசியேஷன் மீட்டிங்கில்தான் சந்தர்ப்பம் வந்தது.

போர்வெல் மறுபடியும் திணற ஆரம்பித்திருந்தது. இப்போது 200 அடி. இன்னும் 200 அடி இறக்கலாம், ஒன்றரை லட்சம் ஆகும் என்று செக்ரட்டரி ஒரு கொட்டேஷன் வைத்தார். இறக்கினால் தண்ணீர் நிச்சயமா என்று கேட்டேன். "அது யார் சார் எழுதிக் குடுப்பா?" என்றார். கொட்டேஷனில் எல்லாம் எழுதியிருந்தார்கள், அதைத் தவிர.

நான் ஒரு துண்டுக் காகிதத்தை நீட்டினேன். சென்னையில் வருஷத்துக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். எங்கள் மொட்டை மாடி 2,000 சதுர அடி, அதாவது 186 சதுர மீட்டர். பெருக்கினால் 2,60,000 லிட்டர். சிந்தியது சிதறியது போக 2 லட்சம் லிட்டர் என்று வையுங்கள். 12,000 லிட்டர் லாரிக்கு 16 லாரிக்கு மேல். 2019 விலையில் 66,000 ரூபாய். வருஷா வருஷம் வானத்திலிருந்து இலவசமாக நம் மாடியில் இறங்கி, குழாய் வழியாக நேராகத் தெருச் சாக்கடைக்குப் போகிறது. அந்தச் சாக்கடை நிரம்பித்தான் கீழ் வீட்டுக்காரர் 2015-லும் 2023 டிசம்பரிலும் கட்டில் மேல் கட்டில் போட்டார்.

"நம்ம பில்டிங்ல மழைநீர் சேகரிப்பு இருக்கே சார்!" என்றார் செக்ரட்டரி.

இருந்தது. 2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் அதைக் கட்டாயமாக்கிச் சட்டம் வந்தது. எங்கள் கட்டடம் அதற்கு அடுத்த வருஷம் எழுந்தது. ஆகவே வரைபடத்தில் அம்சமாக இருக்கிறது. நேரில் போய்த் தேடினோம். நடுவில் ஒரு தடவை பெயிண்ட் அடித்தபோது குழாயைக் கழற்றித் தெருப்பக்கம் திருப்பிவிட்டிருக்கிறார்கள். குழி இருந்த இடத்தின்மேல் சிமென்ட் பூசி, முதல் மாடிக்காரரின் ஸ்கூட்டர் நின்றுகொண்டிருந்தது. அவர் பத்து வருஷமாக மழைநீரைச் சேகரிக்கிறோம் என்று தெரியாமலே வண்டியைச் சேகரித்து வந்திருக்கிறார்.

மந்தைவெளியில் 2002-ல் 'மழை இல்லம்' என்று ஒன்றைத் திறந்தார்கள். அதை நடத்திய சேகர் ராகவன் இந்த ஊரில் வீடு வீடாகப் போய் மழையைப் பற்றிப் பேசியவர். குழி வெட்டுவதோடு முடிவதில்லை, பராமரிக்காவிட்டால் அது வெறும் பள்ளம் என்பதுதான் இந்த விஷயத்தில் கேட்டுக் கேட்டுப் புளித்த, ஆனால் யாரும் செய்யாத காரியம்.

மூலையில் ஒரு பழைய கிணறு வேறு இருந்தது. ஃபிளாட் கட்டுவதற்கு முன்னால் அங்கே இருந்த தனி வீட்டுக் கிணறு. கம்பி வலை போட்டு மூடி, அதன்மேல் உடைந்த டைல்ஸ், பழைய கதவு, யாரோ ஒருவரின் டிரெட்மில். மீட்டிங்கில் இரண்டு மணி நேரம் வாக்குவாதம். போர்வெல் கட்சி, கிணற்றுக் கட்சி என்று பிரிந்தது. கடைசியில் கீழ் வீட்டுக்காரர், "ஒன்றரை லட்சத்துல பத்துல ஒரு பங்கை இதுக்குப் போட்டுப் பார்ப்போம். போச்சுன்னா போகட்டும். எனக்குக் கட்டில் தூக்கி முதுகு போச்சு" என்றார். அந்த முதுகுதான் மெஜாரிட்டி வாங்கிக் கொடுத்தது.

போன வருஷம் புரட்டாசியில் வேலை நடந்தது. மாடியைப் பெருக்கிக் கழுவினோம். குழாயைத் தெருவிலிருந்து திருப்பி, ஜல்லி, மணல் நிரப்பிய ஒரு சின்னத் தொட்டி வழியாகக் கிணற்றில் விட்டோம். முதல் மழை தூசியும் புறா எச்சமுமாக வரும், அதை வெளியே தள்ள ஒரு தனி வால்வு. ஸ்கூட்டருக்கு அடியில் இருந்த குழியையும் தோண்டித் தூர்வாரினோம். செப்டிக் டேங்குக்குப் பக்கத்தில் இல்லை என்று முதலிலேயே பார்த்துக்கொண்டோம், அது முக்கியம். கொசு வராமல் கிணற்று வாய்க்குப் புது வலை. டிரெட்மில்லுக்கு உரியவர் கடைசிவரை முன்வரவில்லை.

ஐப்பசி மழையில், நடுராத்திரி, கிணற்றுக்குள் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. மூன்று வீட்டில் லைட் எரிந்தது. லுங்கியோடு செக்ரட்டரி, குடையோடு கீழ் வீட்டுக்காரர், நைட்டிமேல் துண்டோடு போர்வெல் கட்சித் தலைவி. யாரும் எதுவும் பேசாமல் நின்று கேட்டுவிட்டுப் போனோம்.

இந்தக் கோடையில் லாரி கூப்பிடவில்லை. நாங்கள் கூப்பிடும் லாரி ஊருக்கு வெளியே ஏதோ ஒரு விவசாயக் கிணற்றை உறிஞ்சித்தான் நிரப்பிக்கொண்டு வந்தது என்பது 2019-லேயே எல்லோருக்கும் தெரியும். அப்போது யாரும் மீட்டிங் போடவில்லை. வேலை செய்யும் அம்மாள் பகுதிக்கு இன்னும் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அவர்கள் லாரி வருகிற நாளில் எட்டு மணிக்குப் பதில் பத்து மணிக்கு வந்தால் போதும் என்று எங்கள் வீட்டிலும் எதிர்வீட்டிலும் சொல்லியிருக்கிறோம். மற்ற இரண்டு வீட்டில் பேசிப் பார்க்கிறேன் என்று மனைவி சொல்லியிருக்கிறாள்.

கிணற்றில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கும் பொறுப்பை அம்மா எடுத்துக்கொண்டாள். பரணிலிருந்து பழைய பித்தளைச் செம்பை இறக்கி, கயிற்றில் கட்டி, வலையின் ஓரமாக விட்டு, அது தண்ணீரைத் தொட்டதும் கயிற்றை முழம் போட்டு எண்ணுவாள். வெள்ளிக்கிழமை தோறும். நோட்டில் அதற்கென்று தனிப் பக்கம் போட்டுக் கொடுத்திருக்கிறேன். கார்த்திகையில் ஐந்து முழத்தில் இருந்த தண்ணீர், சித்திரையில் ஒன்பது. போன வெள்ளிக்கிழமை பதினொன்று. அம்மா அன்றைக்கே வாட்ச்மேனைக் கூப்பிட்டு, மழை வரும்வரை மோட்டாரைக் காலையில் அரை மணி, சாயங்காலம் கால் மணி, அதற்குமேல் கிடையாது என்று சொல்லிவிட்டாள். செக்ரட்டரியைக் கேட்கவில்லை.